மகளை இகுவானாவாகப் பார்த்த அம்மா



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகள் எட்டாம் வகுப்பு. நோட்டு முழுக்கப் பெரிய பெரிய கண்களோடு முகமாக வரைந்து தள்ளுகிறாளாம். "கணக்கு நோட்டுலகூட இதேதான் டீச்சர். ஜப்பான் காமிக்ஸாம். பிடுங்கி வெச்சா சாப்பிட மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றாள். என்ன வார்த்தையை எதிர்பார்க்கிறாள் என்பது புரிந்தது. இத்தனை வருஷம் இந்தப் பேச்சைக் கேட்காத பெற்றோர் கூட்டம் உண்டா? நான் மகளிடம் பேசவில்லை. அம்மாவிடம் ஒரு ஜப்பானியப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிட்டது. மீதியும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அந்தப் பெண்மணியின் பெயர் மோட்டோ ஹாகியோ. பெண்பிள்ளைகளுக்கென்று ஜப்பானில் தனியாக வரும் காமிக்ஸை "ஷோஜோ மாங்கா" என்பார்கள். ஷோஜோ என்றால் சிறுமி. மாங்கா என்றால் காமிக்ஸ். (நமக்கு மாங்கா என்றால் உப்பும் மிளகாய்ப்பொடியும்தான் ஞாபகம் வரும். வகுப்பில் டெஸ்க்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் தின்றவர்கள் இப்போது இதைப் படித்துச் சிரிப்பீர்கள்.) என் தம்பி மகள் விட்டுவிட்டுப் போன ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்றில்தான் இவரை முதலில் படித்தேன். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை!

1949 மே 12-ம் தேதி, கியூஷு தீவில் ஃபுகுவோகா மாநிலத்து ஓமுட்டா நகரத்தில் பிறந்தவர். அது நிலக்கரி ஊர். மீகே சுரங்கம்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1963-ல் அந்தச் சுரங்கத்தில் நிலக்கரித் தூள் வெடித்து 458 பேர் செத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், போரில் தோற்று எழுந்து வந்த காலத்தில் பிள்ளை வளர்த்த அப்பா அம்மாவுக்கு என்ன ஆசை இருந்திருக்கும்? பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், நிலையான ஒரு வாழ்க்கையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஹாகியோவின் அப்பா சுரங்கக் கம்பெனி ஊழியர். அவருக்கே ஒரு காலத்தில் வயலின் கலைஞராகும் ஆசை இருந்ததாம். அந்த மனிதர் மகளின் ஆசையைப் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நடக்காமல் போன ஆசை சிலரை இளக்கும், சிலரை இறுக்கிவிடும்.

அந்த வீட்டில் மாங்காவுக்குத் தடை. படிக்காத பிள்ளைகள் படிக்கிற குப்பை என்பது அம்மாவின் தீர்ப்பு. அந்த அம்மாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1955 வாக்கில் ஜப்பான் முழுக்கத் தாய்மார் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் "கெட்ட புத்தகங்களை ஒழிப்போம்" என்று இயக்கம் நடத்தின. அதில் காமிக்ஸும் மாட்டிக்கொண்டது. ஆகவே ஊரே ஒத்துக்கொண்ட உண்மையைத்தான் அம்மாவும் பேசினார். பிள்ளையோ ஒளித்து வைத்துப் படித்தது, ஒளித்து வைத்து வரைந்தது.

1966-ல், பள்ளி மேல்வகுப்பில் இருக்கும்போது, ஒசாமு தெசூகா வரைந்த "ஷின்செங்குமி" என்ற புத்தகத்தைப் படிக்கிறார். தெசூகாவை ஜப்பானில் காமிக்ஸின் கடவுள் என்றே சொல்வார்கள். வாள் பிடித்த இரண்டு இளைஞர்களின் நட்பைப் பற்றிய கதை அது. அதைப் படித்துத்தான், இனி இதுதான் என் தொழில் என்று முடிவு செய்கிறார். வீட்டைச் சமாதானப்படுத்த உடை வடிவமைப்புப் படிப்பில் சேருகிறார். ராத்திரியில் வரைகிறார். 1969-ல் "நகயோஷி" என்ற சிறுமியர் பத்திரிகையில் முதல் கதை வெளிவருகிறது. வயது 20.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்துச் சிறுமியர் காமிக்ஸ் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். படிப்பவர்கள் பெண்பிள்ளைகள், வரைபவர்களோ பெரும்பாலும் ஆண்கள். 1953-ல் இளவரசி வாளேந்தும் "ரிபோன் நோ கிஷி" கதையை வரைந்ததும் தெசூகாதான். அம்மாவைப் பிரிந்து அழும் சிறுமி, பாலே ஆடும் சிறுமி, வியாதியில் படுத்த சிறுமி என்று கண்ணீர் ஆறாக ஓடும். (நம்ம பழைய படங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.) பெண்கள் இல்லாமல் இல்லை. தோஷிகோ உயேதா இருந்தார். மசாகோ வத்தானபே இருந்தார். 1955-ல் பதினைந்து பதினாறு வயதிலேயே உள்ளே வந்த ஹிதேகோ மிசுனோ இருந்தார். அவர்கள் ஒற்றையடிப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் எந்தக் கதை வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்யும் நாற்காலியில் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள்.

ஹாகியோ கொண்டுபோன கதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இருட்டாக இருக்கிறது, சந்தோஷமாக ஒன்று வரைந்து வா என்றார்கள். செத்துப் போவதையும் தனிமையையும் சிறுமிகள் ஏன் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு வருஷம் இருந்து பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பாட்டி செத்த மறுநாள் வகுப்புக்கு வரும் பத்து வயசுப் பிள்ளை என்னென்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது கெய்கோ தாகேமியா என்ற இன்னோர் இளம் ஓவியர் அவரை ஷோகாகுகன் பதிப்பகத்து ஆசிரியர் ஜுன்யா யமமோட்டோவிடம் சேர்த்துவிடுகிறார். திரும்பி வந்த கதைகளை யமமோட்டோ எடுத்துக்கொண்டார். ஒருவர் குப்பை என்று ஒதுக்கியதை இன்னொருவர் கையில் எடுத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

1970-ல் ஹாகியோவும் தாகேமியாவும் தோக்கியோவின் நெரிமா வட்டாரத்தில் ஓயிசுமி என்ற இடத்தில் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். பக்கத்தில் முட்டைக்கோஸ் வயல். நோரியே மசுயாமா என்ற தோழியின் வீடு கிட்டத்தில். காமிக்ஸ் வரையும் பெண்கள் பலர் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள், தங்கினார்கள், ஒருவர் வேலைக்கு ஒருவர் உதவினார்கள். இந்தத் தலைமுறைக்குப் பின்னாளில் "24-ம் ஆண்டுக் குழு" என்று பெயர் வந்தது. பலர் ஜப்பானியக் கணக்கில் ஷோவா 24-ல், அதாவது 1949-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். எல்லாம் தேனாக இருக்கவில்லை. 1973-ல் வீடு கலைந்தது, நட்பும் முறிந்தது. அதைப் பற்றி ஹாகியோ பல வருஷம் வாய் திறக்கவில்லை. 2021-ல் ஒரே ஒரு முறை புத்தகமாக எழுதினார். அதை நாம் கிளற வேண்டாம்.

அந்த வருஷங்களில் அவர் செய்தது என்ன? ஜெர்மனி நாட்டு விடுதிப் பள்ளி ஒன்றில் நடக்கும் கதையை முதலில் பெண்பிள்ளைகளை வைத்து எழுதிப் பார்த்தார். சரிவரவில்லை. பெண் என்றால் இப்படிப் பேசக்கூடாது, இப்படிக் கோபப்படக்கூடாது என்ற கட்டு, வரைகிற அவர் கைக்குள்ளேயே இருந்தது. அதையே ஆண்பிள்ளைகளாக மாற்றியதும் கை அவிழ்ந்துவிட்டது. சிறுமிகள் படிக்கும் பத்திரிகையில் சிறுவர்களின் மனசு! அந்தச் சிறுவர்களுக்குள் தன்னைத்தான் பார்க்கிறோம் என்று படித்த பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியர் குழுவை விடச் சீக்கிரமாகத் தெரிந்துவிட்டது.

1974-ல் "தோமாவின் இதயம்" தொடர் வாரப் பத்திரிகையில் ஆரம்பிக்கிறது. முதல் பக்கங்களிலேயே ஒரு பள்ளி மாணவன் உயிரை விட்டுவிடுகிறான். ஒரு கடிதம் மட்டும் மிஞ்சுகிறது. அங்கே வாசகர் கருத்துச் சீட்டு என்று ஒரு வழக்கம். எந்தத் தொடர் பிடித்தது என்று பிள்ளைகள் எழுதி அனுப்ப வேண்டும். முதல் வாரமே இந்தத் தொடருக்குக் கடைசி இடம். சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விடுங்கள் என்று இவர் கேட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, முந்தைய தொடரான "போ குடும்பம்" முதல் பாகம் புத்தகமாக வந்தது. பதினான்கு வயதிலேயே நின்றுபோய், இருநூறு வருஷம் வளராமல் அலையும் ரத்தக்காட்டேரிச் சிறுவனின் கதை. அச்சிட்ட 30,000 பிரதிகளும் மூன்று நாளில் தீர்ந்தன. அதற்கப்புறம் "முடி" என்று யாரும் சொல்லவில்லை. கடைசி இடம் வாங்கிய தொடர் இன்று ஜப்பானிய காமிக்ஸின் முக்கியமான படைப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ரேங்க் கார்டைப் பார்த்துப் பிள்ளையை எடை போடும் உறவுகள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

1975-ல் "அவர்கள் பதினொரு பேர்". விண்வெளிப் பள்ளியின் கடைசிப் பரீட்சை. பத்துப் பேர் ஒரு கைவிடப்பட்ட விண்கலத்தில் 53 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். உள்ளே போய் எண்ணினால் பதினொரு பேர்! அதில் ஃப்ரோல் என்றொரு பாத்திரம். அவர்கள் கிரகத்தில் வளர்ந்த பிறகுதான் ஆணா பெண்ணா என்று முடிவாகும். ஃப்ரோல் பரீட்சையில் தேறினால் ஆணாகலாம் என்று வீட்டில் வாக்கு. ஆணாவது ஒரு பரிசுப் பொருள்! இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கதைக்கும் "போ குடும்ப"த்துக்கும் சேர்த்து 1976-ல் ஷோகாகுகன் விருது கிடைத்தது.

விருது வாங்கிய மகளிடம் வீட்டில் என்ன கேட்டார்கள் தெரியுமா? இதை எப்போது விடப் போகிறாய் என்றுதான்.

புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்கிறது, பெயர் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அது வேலையாகவே படவில்லை. மகளின் வரவு செலவைப் பார்க்க ஒரு கம்பெனி தொடங்கி, அப்பாவையே தலைவராக உட்கார வைத்தும் பார்த்தார்கள். அது பெரிய சண்டையில் முடிந்தது. ஹாகியோ உளவியல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பெற்றோர் என்றால் யார், குடும்பம் என்றால் என்ன என்று படிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்த கதைகளில் அப்பா மகன் பகை, அம்மா மகள் பகை என்று அந்தப் புண் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது.

1984-ல் வந்த "பாதி" வெறும் 16 பக்கம். உடல் ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி அழகு, ஆனால் ஒன்றும் தெரியாது. இன்னொருத்தி புத்திசாலி, ஆனால் வற்றிச் சுருங்கிய உடம்பு. அழகியின் உயிருக்கும் சேர்த்து இவள் உடம்புதான் உழைக்கிறது. ஊரெல்லாம் அழகியைக் கொஞ்சுகிறது. கடைசியில் அறுவை செய்து பிரிக்கிறார்கள். பிரிந்த அழகி வற்றி, பழைய இவளைப் போலவே ஆகிச் செத்துப் போகிறாள். இவளோ தேறி வளர்ந்து, கண்ணாடியில் அந்த அழகியின் முகத்தைப் பார்க்கிறாள். செத்தது யார்? படித்து முடித்து நான் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் என் மாணவிக்குச் சொல்ல வந்த கதை 1992-ல் வந்த "இகுவானா பெண்".

இகுவானா தெரியும் அல்லவா, நம்ம உடும்பு மாதிரி ஒரு பெரிய பல்லி இனம். கலாபகோஸ் தீவில் பாறை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இகுவானாக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, மனிதராகப் பிறக்க ஆசைப்பட்டு ஆக முடியாமல் போனவை மாதிரி அவருக்குத் தோன்றியதாம். அதிலிருந்து பிறந்த கதை.

ஒரு அம்மாவுக்கு முதல் பெண் குழந்தை பிறக்கிறது. பெயர் ரிகா. அம்மாவின் கண்ணுக்கு மட்டும் அது இகுவானா. அப்பாவுக்கும் ஊருக்கும் அழகான குழந்தைதான். அம்மாவால் தூக்க முடியவில்லை. அடுத்துப் பிறக்கும் மாமி என்ற தங்கை அம்மாவின் கண்ணுக்கும் மனுஷக் குழந்தையாகத் தெரிகிறாள். அவள் மேல் பாசம் கொட்டுகிறது. ரிகா அவலட்சணம், ரிகாவுக்கு எதுவும் பொருந்தாது, ரிகா எதைத் தொட்டாலும் குற்றம். அம்மா சொல்லச் சொல்ல ரிகாவும் கண்ணாடியில் இகுவானாவையே பார்க்கிறாள். நாம் படிக்கும் பக்கத்திலும் ரிகா இகுவானாவாகத்தான் வரையப்பட்டிருக்கிறாள். பள்ளிச் சீருடை போட்ட இகுவானா, பரீட்சை எழுதும் இகுவானா. முதலில் சிரிப்பு வருகிறது. அப்புறம் வருவதில்லை. அவள் படிப்பில் கெட்டி, தோழிகள் உண்டு, பார்ப்பவர்கள் அழகி என்கிறார்கள். ஒன்றும் அவள் காதில் ஏறுவதில்லை. அம்மா பார்த்ததுதான் அவளுக்கு நிஜம்.

ரிகா வளர்ந்து, கல்யாணம் செய்து, வேறு ஊருக்குப் போகிறாள். அவளுக்கும் பெண் பிறக்கிறது. மனுஷ முகத்தோடு பிறந்த அந்தக் குழந்தையிடம் அவளுக்குப் பாசம் சுரக்கவில்லை. அம்மா செய்ததையே தானும் செய்யப் போகிறோமோ என்று நிற்கும்போது, அம்மா இறந்துவிட்ட செய்தி வருகிறது. போய் முகத்துணியை விலக்கிப் பார்க்கிறாள்.

அம்மாவின் முகம் இகுவானா முகம்.

நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தேன். பிறகு கனவில் ரிகாவுக்குத் தெரிகிறது: அம்மாவே ஒரு காலத்தில் மனிதப் பெண்ணாக மாறி வந்த இகுவானாதான். உண்மை தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம். மகளின் முகத்தில் அவர் பார்த்தது, தான் உலகத்திடமிருந்து மறைத்து வைத்த தன் முகத்தை.

ஹாகியோவுக்கு இதை எழுதும்போது நாற்பதைத் தாண்டிய வயது. தன் அம்மாவின் மேல் இருந்த அத்தனை வலியையும் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவை அரக்கியாக வரைந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ அம்மாவுக்கும் அதே முகத்தைக் கொடுத்து, மகளை அழவிட்டார். மன்னித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறு, இது வேறு. அம்மாவை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். 1996-ல் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, காமிக்ஸ் பக்கமே போகாத பெண்களும் பார்த்தார்கள்.

இதே 1992-ல் "குரூரக் கடவுள் ஆள்கிறது" என்ற பெரிய தொடரையும் ஆரம்பித்து 2001 வரை வரைந்தார். மாற்றாந்தகப்பனிடம் ஒரு பையன் படும் கொடுமை, அதைக் காண மறுக்கும் அம்மா. 1997-ல் முதலாவது தெசூகா ஒசாமு விருதுகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது. பெரியவர்களுக்கான கனமான விஷயம். ஜப்பான் காமிக்ஸ் எல்லாமே குழந்தைகளுக்கு என்று நினைத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். இந்த விஷயத்தில் நான் இன்னும் டீச்சர்தான்.

சரி, அந்த நிஜ அம்மா என்ன ஆனார்?

2010-ல் ஜப்பானின் பொது ஒளிபரப்பில் காலை நேரத் தொடர் ஒன்று வந்தது. ஷிகெரு மிசுகி என்ற பேய்க்கதை காமிக்ஸ் ஓவியரின் மனைவி பார்வையில் சொன்ன கதை. போரில் இடது கையை இழந்தவர் மிசுகி. வறுமையில், ஒற்றைக் கையால் ராப்பகலாகக் குனிந்து வரைகிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறார். நம்ம வீட்டு அம்மாக்கள் சீரியல் பார்ப்பது மாதிரி அந்த அம்மாவும் பார்த்திருக்கிறார். காமிக்ஸ் வரைவது இவ்வளவு உழைப்பா என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. அதன் பிறகுதான் மகளின் தொழிலை ஏற்றுக்கொண்டார். முதல் கதை வந்து 41 வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு வயது 61. மகள் எழுதிய எந்தப் புத்தகமும் செய்யாததை யாரோ எடுத்த ஒரு டிவி சீரியல் செய்தது. எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

நாற்பத்தோரு வருஷம்! போனில் இந்த இடத்தில்தான் என் மாணவி "நான் அப்படியெல்லாம் இல்ல டீச்சர்" என்றாள். அவள் அப்படி இல்லை என்று எனக்கும் தெரியும். மகள் வரைந்த முகங்களில் ஒன்றையாவது உட்கார்ந்து பார்த்தாயா, அது யார் என்று கேட்டாயா என்றேன். குக்கர் விசில் வந்தது அப்போதுதான்.

மீதி பெருமைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-ல் ஜப்பான் அரசின் ஊதா ரிப்பன் பதக்கம். சிறுமியர் காமிக்ஸ் வரைபவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 2016-ல், நாற்பது வருஷம் கழித்து "போ குடும்பம்" மறுபடி ஆரம்பித்தது. அது வந்த இதழ் கடையில் தீர்ந்து மறு அச்சுப் போட்டார்கள். முதல் தடவை சிறுமிகளாக வாங்கியவர்கள் இந்தத் தடவை பாட்டிகளாக வாங்கினார்கள். 2022-ல் அமெரிக்காவின் ஐஸ்னர் புகழரங்கில் பெயர் சேர்ந்தது. 2024-ல் பிரான்ஸின் அங்கூலெம் காமிக்ஸ் விழாவில் மரியாதை செய்தார்கள். எழுபது தாண்டியும் வரைந்துகொண்டிருக்கிறார்.

"இகுவானா பெண்", "பாதி" இரண்டும் இருக்கும் அந்த ஆங்கிலத் தொகுப்பு என்னிடம்தான் இருக்கிறது. தம்பி மகள் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகலாம், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் பழையபடி நோட்டில் எழுதி வாங்குவேன். பதினைந்து நாள் தவணை. முதல் ஆள் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள், எட்டாம் வகுப்பு.